அறிக்கையில் சேர்க்காத பக்கம்

நீதிபதி அர்மெந்தாரிஸ் அவர்களுக்கு,

சான்று ஒன்று: உலோவாவின் டாங்கோ.
சான்று இரண்டு: பெரேயிரா தன்னுடையது என்று சொல்லும் டாங்கோ.
யார் யாரிடமிருந்து எடுத்தது என்று
கேட்டு எழுதியிருந்தீர்கள்.
எட்டே சுரங்கள். பதினோரு நொடி.
இருநூற்றுப் பதினான்கு முறை கேட்டேன்.

முதல் நாள்
பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு
இடுப்பு தானாக அசைந்தது.
நாற்பதாவது முறையில் இடுப்பு ஓய்ந்தது.
எண்பதில்,
ரொட்டி ரொட்டி ரொட்டி என்று சொல்லிக்கொண்டே போனால்
ரொட்டி மறைந்து வாய் மட்டும் மிஞ்சுமே,
அப்படி.
திரையில் பச்சைக் கோடுகள். மேடு, பள்ளம்.
அல்மாக்ரோவில் ஒரு ஞாயிறு முழுக்க
பக்கத்திலேயே ஆறிக் கிடந்தது மாத்தே.

அன்செல்மோ கதவில் சாய்ந்து
"சேவலை அறுத்துப் பார்த்தால் கூவுமா, நீடியா?" என்றார்.
என் கணவர் ஆடத் தெரிந்தவர். எதையும் எண்ணாமல்
முதுகில் வைத்த ஒரு கையாலேயே
தாளத்தைச் சொல்லிவிடுவார்.
"நான் அறுப்பது சேவலை அல்ல, கூவலை" என்றேன்.
சொன்னபோது அது நல்ல பதிலாக இருந்தது.
விளக்கணைத்த பிறகு
அவ்வளவு நன்றாக இல்லை.

நூற்று முப்பதை ஒட்டி எங்கோ
(அந்த இடத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது, மன்னிக்கவும்)
ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.
உலோவாவின் நாற்காலி.
ஆறாம் சுரத்துக்கு முன் மனிதர் முன்னால் சாய்கிறார்.
பாண்டோனியனில், உங்களுக்குத் தெரிந்திருக்கும்,
துருத்தியை விரித்தால் ஒரு பொத்தானுக்கு ஒரு சுரம்,
மடக்கினால் அதே பொத்தானுக்கு வேறு சுரம்.
உலோவா அந்த ஆறாவதை விரித்து எடுக்கிறார்,
நெஞ்சு கொள்ளாதவர் போல.
பெரேயிரா மடக்கி எடுக்கிறார்,
சாப்பாட்டு மேசையில் கோபத்தை விழுங்குகிறவர் போல.
சுரம் ஒன்றுதான்.
மூச்சு எதிரெதிர்.

அன்றிரவு அன்செல்மோவை எழுப்பி
நாற்காலியைக் கேட்க வைத்தேன்.
பாதித் தூக்கத்தில் கேட்டார்.
இன்னொரு தடவை போடு என்றார்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை.
எட்டாம் சுரத்தை இருவருமே முடிப்பதில்லை.
பாதியில் விட்டுவிட்டு நிற்கிறார்கள்.
"காரணமற்ற தயக்கம்" என்று ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.
அந்த வரியை அடித்துவிடுங்கள்.

வியாழக்கிழமை பத்து மணி.
கீழே தெருவில் கத்திச் சாணைக்காரர்.
சைக்கிளைத் தள்ளியபடி அந்தப் பிளாஸ்டிக் ஊதலை
உதட்டோடு ஓர் இழுப்பு இழுத்தார்.
ஏறி, இறங்கி, ஏழு சுரம்.
எட்டாவதைப் பாதியில் விட்டுவிட்டு
அண்ணாந்து பார்த்தார்,
எந்தச் சன்னலாவது திறக்கிறதா என்று.

வீட்டுச் செருப்போடு படியிறங்கி ஓடினேன்,
கையில் கத்தி.
எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.
அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்து
"இதற்கு என்ன குறை, நன்றாகத்தானே வெட்டும்?" என்றார்.
இன்னொரு முறை ஊதுங்கள் என்றேன்.
"எதை?" என்றார்.

உலோவா பிறந்ததும் பெரேயிரா வளர்ந்ததும்
இங்கிருந்து நான்கு தெரு தள்ளித்தான்.
ஆகவே, ஐயா, நீங்கள் தேடும் ஆள்
சைக்கிள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.
அழைப்பாணைக்கு முகவரி இல்லை.
கேட்டாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்,
எடுத்ததையும் அறியார், கொடுத்ததையும் அறியார்.

அவருடைய ஊதலில் மூன்றாம் சுரம் சற்றே தணிவு.
எவ்வளவு தணிவு என்று நான் அளக்கவில்லை.
பொய். அளந்தேன்.
மூன்று மாடி ஏறி வருவதற்குள்
மனதுக்குள் அளந்து முடித்துவிட்டேன்,
படிக்கட்டு நெடுக வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே.
இரண்டாம் மாடிப் பெண்மணி கதவைத் திறந்து
நலமா என்று விசாரித்தார்.

கத்தி தீட்டிய செலவை
இதரச் செலவுகளில் சேர்த்திருக்கிறேன்.
ரசீது இல்லை.